வால்வு மூடின பொறவு வந்த தண்ணி

புளியங்காட்டுப்புதூரில் வசந்தாமணியைத் திட்டாத வாய் கிடையாது. பதினோரு வருஷமாக ஊருக்குத் தண்ணீர் விடுகிறவள் அவள்தான். சேந்தமங்கலத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் ரோட்டில் இருந்து உள்ளே திரும்பினால், மேட்டின் மேல் ஊராட்சித் தொட்டி தெரியும். விடிந்தும் விடியாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போவாள். மோட்டாரைப் போட்டு, தொட்டியை நிறைத்து, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, வீதி வீதியாக வால்வைத் திருப்பி விடுவாள். தண்ணீர் நேரத்துக்கு வந்தால் அவளை ஒருவரும் நினைப்பதில்லை. ஐந்து நிமிஷம் பிந்தினால் அவள் பிறந்த வீடு, புகுந்த வீடு எல்லாம் வீதிக்கு வந்துவிடும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒன்று சொன்னால் ரெண்டாகத் திருப்பிக் கொடுப்பாள், கொடுத்துவிட்டு வால்வைத் திறப்பாள்.

பிறந்தது தம்மம்பட்டிப் பக்கம். இருபது வயதில் சின்னண்ணனுக்கு வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தாள். சின்னண்ணன் ரிக் வண்டிக்காரன். போர் போடுகிற லாரியோடு சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று கிளம்பினால் பத்து மாசம் கழித்துத்தான் ஊர் முகம் பார்ப்பான். மகள் சௌந்தர்யாவை அவள் ஒற்றையாளாக வளர்த்தாள். பழைய ஆபரேட்டர் கோழிப்பண்ணை வேலைக்குப் போய்விட்டபோது, பொம்பளைக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா என்று நாலு பேர் சிரிக்கச் சிரிக்க இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். சிரித்தவர்கள் வீட்டுக் குழாய் அடைப்பையும் அவளேதான் போய் எடுத்துவிட்டாள்.

சின்னண்ணன் வேலையை விட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. கம்ப்ரசர் இரைச்சலில் காது முக்கால்வாசி போயிருந்தது. பாறைத்தூள் நெஞ்சில் ஏறி ஓயாத இருமல். வாய்ச்சவடால் மட்டும் ஒரு இம்மி குறையவில்லை. ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே கிடந்த தண்ணீரை வெளியே இழுத்தவன் நான் என்று டீக்கடையில் உட்கார்ந்து அளப்பான். நல்ல மனுஷன்தான். மகள் என்றால் உயிரையே விடுவான். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அந்தப் பாசத்தில்தான் நடந்தது.

ரெண்டு வருஷம் மழை பொய்த்தது. ஏரி பாளம் பாளமாக வெடித்து, ஆடுகள் நடு ஏரியில் மேய்ந்தன. ஊராட்சி போரில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. ஆறு நாளைக்கு ஒரு தடவை, வீட்டுக்குப் பத்துக் குடம் என்று ஆயிற்று. அப்போதுதான் சட்டம் வந்தது. குழாயில் ஹோஸ் மாட்டக்கூடாது, திருகி மூடுகிற நல்லி இல்லாத குழாய் இருக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சக்கூடாது. வைத்தால் இணைப்பு கட். வசந்தாமணி தன் கையாலேயே மூன்று வீட்டு இணைப்பை அறுத்தாள். அதில் ஒன்று சின்னண்ணனின் பங்காளி வீடு. அந்த வீட்டோடு இன்றைக்கு வரைக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை.

ஜனங்கள் கண்ணீர் விட்டுக் கேட்டபோதெல்லாம் அவள் ஒரு பதில்தான் வைத்திருந்தாள். ஏரி கோடி போகட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கங்க என்பாள். ஏரி நிரம்பி மறுகால் வழிவதைத்தான் அந்தப் பக்கம் கோடி போவது என்பார்கள். அழுகிறவர்களைத் தேற்றுவதற்கு வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் வாயில் இருந்து போன சொல்லை ஊர் எடுத்து முடிந்து வைத்துக்கொண்டது.

இந்த வருஷம் ஐப்பசியில் கொட்டிய மழையில் மலை நாலு நாள் கண்ணுக்கே தெரியவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஏரி கோடி போனது. கிடாய் வெட்டிப் பொங்கல் வைத்து ஊரே சாப்பிட்டது. மறுநாள் ஊரே தொட்டிக்கு முன்னால் வந்து நின்றது. கோடிதான் போயிருச்சே, இன்னும் என்ன சட்டம் என்று கேட்டது. ஊராட்சிச் செயலர் ஜெகதீஸ்வரன் பேப்பரை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தார். சித்திரை வரைக்கும் ஒன்று விட்ட ஒரு நாள்தான், வீதிக்கு நாற்பது நிமிஷம்தான், மோட்டார் கூடவே கூடாது, ஏரியில் தண்ணீர் வந்தால் போரில் வந்ததாக அர்த்தமில்லை என்றார். யார் காதிலும் ஏறவில்லை. எல்லோரும் வசந்தாமணியின் முகத்தைப் பார்த்தார்கள். நீதானே சொன்னாய் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அவளுக்குச் சட்டத்துக்கு மேலாக இன்னொரு பயம் இருந்தது. கீழ் வீதிக்குப் போகும் பைப் சாக்கடைக்கு உள்ளேயே போட்டது. எந்தப் புண்ணியவானோ அப்படிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். ரெண்டு வருஷம் வெறும் பைப்பாகக் காய்ந்து கிடந்ததில் ஜாயின்ட் எல்லாம் விட்டிருக்கும். இப்போது சாக்கடை கரை ததும்பிக் கறுப்பாக நின்றது. பைப்புக்குள் தண்ணீர் நிறைந்து நிற்கும் வரைக்கும் வெளியே இருக்கிற அசிங்கம் உள்ளே வராது. எவனாவது மோட்டாரைப் போட்டு உறிஞ்சி பைப்பைக் காலி பண்ணினால், அந்த வெற்றிடத்துக்குச் சாக்கடைதான் வந்து நிற்கும். இதை அவள் வீதியில் நின்று தொண்டை கிழியச் சொன்னாள். கீழ் வீதியின் கடைசி வீடு அவளுடையது.

அந்த ஐப்பசிக் கடைசியில்தான் கட்டுச்சோற்று விருந்து வைத்து சௌந்தர்யாவைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்தார்கள். பள்ளிபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளைக்குத் தறிப்பட்டறையில் வேலை. கல்யாணமாகி ஆறாவது வருஷம் தங்கிய கரு. முன்னால் ரெண்டு கலைந்துபோயிருந்தது. ஏழு மாச வயிற்றோடு மகள் வாசலில் காலை வைத்தபோது வசந்தாமணிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது.

அந்த வாரமே கிராம நர்ஸ் வெண்ணிலா வீட்டுக்கு வந்து பெயரைப் பதிந்துகொண்டாள். போகும்போது வசந்தாமணியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ரெண்டு ஊர் தள்ளி மஞ்சக்காமாலை வந்திருக்குங்க அக்கா. தண்ணியில வர்றது. மத்தவங்களுக்கு ஒரு மாசத்துல சரியாப் போயிரும். மாசமா இருக்கறவங்களுக்கு வந்தா ஈரல் தாங்காதுங்க. தாய், புள்ள ரெண்டுக்குமே உத்தரவாதமில்ல. கொதிக்க வெச்ச தண்ணி தவிர ஒரு சொட்டு குடுக்காதீங்க.”

வசந்தாமணி அப்போதே அடுப்பை மூட்டினாள். பெரிய குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி மூடி வைத்தாள். பத்து நாள் அப்படியே நடந்தது. அப்புறம் சௌந்தர்யா முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தாள். புகை நாற்றம் அடிக்கிறது, குமட்டுகிறது என்றாள். சின்னண்ணன் மகளுக்கு வக்காலத்து வாங்கினான். இப்பத்தான் வந்த புதுத்தண்ணி, இதுக்குப் போய் என்னத்தைக் கொதிக்க வெக்கறது என்றான். வசந்தாமணி ரெண்டு நாள் சண்டை போட்டாள், மூன்றாம் நாள் விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்று கேட்டால், பெருமைதான் காரணம். நான் பவுடர் போட்ட தண்ணி, நான் டெஸ்ட் பண்ணி விட்ட தண்ணி, அதில் என்ன வந்துவிடும் என்று நினைத்தாள். அவளுக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார்கள். டியூப்பில் தண்ணீரைப் பிடித்து ரெண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாற வேண்டும், மாறினால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். மேல் வீதியில் ஊராட்சி ஆபீசுக்கு எதிர்க் குழாயில் ஒவ்வொரு தடவையும் எடுப்பாள். ஒவ்வொரு தடவையும் மஞ்சளாக மாறியது. நோட்டுப் புத்தகம் ஆபீசில் இருந்ததால் அங்கேயே எடுத்து அங்கேயே எழுதிவிடுவது பழக்கம்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு அதிசயம் நடந்தது. கீழ் வீதியில் அவளைத் திட்டுவது நின்றுபோனது.

முதலில் அவளுக்கு அது உறைக்கவில்லை. பிறகு உறைத்தது. அதே நாற்பது நிமிஷம்தான் விடுகிறாள், தண்ணீர் பத்தவில்லை என்று ஒருத்தியும் வாயைத் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பழனியம்மாள், வால்வு திறக்கும் நாளெல்லாம் வாசலில் நின்று அவள் குடும்பத்தையே கரித்துக்கொட்டுகிறவள், இப்போது சிரித்துக்கொண்டே நல்லா இருக்கீங்களா அக்கா என்கிறாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலும் டிரம் எந்நேரமும் ததும்பியது. கேட்டதற்கு, கடைசிச் சொட்டு வரைக்கும் காத்திருந்து பிடித்தேன் என்றான் சின்னண்ணன். புள்ளத்தாச்சி வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும் என்று அவளும் மேற்கொண்டு தோண்டவில்லை.

இன்னொன்றும் இருந்தது. வால்வைத் திறந்ததும் பைப்பில் இருந்து காற்று வந்தது. புஸ்ஸென்று, நீளமாக, ரெண்டு மூன்று நிமிஷம். பஞ்ச காலத்தில் அப்படித்தான் வரும். இப்போது எதற்கு வர வேண்டும்? முந்தாநாள் மூடிய தண்ணீர் பைப்பில் நிற்க வேண்டுமே, எங்கே போனது? எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்து, சாக்கடை ஓரமாகவே ஒரு காலை முழுக்க நடந்து பார்த்தாள். ஒழுகினால் குமிழி வரும். ஒரு குமிழிகூட இல்லை. சாக்கடை அசையாமல் கிடந்தது. திரும்பி வரும்போது அவளுக்கு மனசே சரியில்லை.

மார்கழியில் கீழ் வீதியில் நாலைந்து பேர் படுத்தார்கள். காய்ச்சல், வாந்தி, சோற்றைக் கண்டால் குமட்டல். பனிக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்தார்கள். அப்புறம் சௌந்தர்யா சாப்பாட்டை ஒதுக்கினாள். அசதி என்று சொல்லி உள் அறையில் இருட்டில் சுருண்டு கிடந்தாள். ஒன்பதாம் மாசத்து அசதி என்று வசந்தாமணி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ரோட்டில் எதிர்ப்பட்ட நர்ஸிடம் சொன்னபோது அவள் வண்டியை நிறுத்திவிட்டாள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாங்க என்றாள். போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டாள். குளோரின் டெஸ்ட் எந்தக் குழாயில் எடுக்கறீங்க?

மேல் வீதி முதல் குழாயில் என்றாள் வசந்தாமணி. கடைசிக் குழாயில் எடுத்துப் பாருங்க அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள் நர்ஸ். கடைசிக் குழாய் என்றால் அவள் வீட்டுக் குழாய்தான். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதில் டெஸ்ட் எடுத்ததில்லை.

மறுநாள் தண்ணீர் விடும் நாள். விட்டு முடித்ததும் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக இருந்தாள். கீழ் வீதி வால்வை மூடியதும் ஆபீசுக்குப் போகாமல், டெஸ்ட் பெட்டியை சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு மிதித்தாள். வீதிக்குள் நுழையும்போதே ஒரு உறுமல் கேட்டது. தறிச் சத்தம் என்று நினைத்தாள். வர வர அது எல்லாப் பக்கமும் இருப்பதாகப் பட்டது. தன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது சத்தம் உள்ளே இருந்து வந்தது.

குளியலறைக் கதவைத் தள்ளினாள். டிரம்முக்குப் பின்னால், ஈரச் சாக்கு போர்த்தி, அரை குதிரைச் சக்தி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சின்னண்ணன் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான், ஹோஸின் வாயை டிரம்முக்குள் பிடித்தபடி. அவள் வந்தது அவனுக்குக் கேட்கவில்லை. மோட்டார் சத்தம்கூட அவனுக்குக் கேட்காது. அதனால் ஊருக்கும் கேட்காது என்று நினைத்திருக்கிறான் பாவி.

அவள் சுவிட்சை அணைத்தாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

“ஏனுங்க, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

அவள் உதட்டசைவைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று, தப்புச் செய்தவன் மாதிரி இல்லாமல், நியாயம் பேசுகிறவன் மாதிரித்தான் பேசினான்.

“நீ தண்ணி விடற நேரத்துல நான் ஒரு நாளாச்சும் போட்டனா? வால்வை மூடின பொறவுதான் போடறேன். பைப்புல சும்மா நிக்கற தண்ணிதான புள்ள, அது யாரு பங்கும் இல்ல. ஆயிரம் அடியில இருந்து இழுத்தவன், எம்புள்ளைக்கு நாலு கொடம் இழுக்கக் கூடாதா?”

ரிக் வண்டிக்காரனின் கணக்கு அது. பூமிக்குள் ஓட்டை போட்டால் தண்ணீர் வரும், வருவதெல்லாம் தண்ணீர், இழுத்தவனுக்குச் சொந்தம். பைப்பில் நிற்பது யார் வாயிலிருந்தும் பிடுங்கியதில்லை என்று அவன் மனசாரவே நம்பினான். அது நின்றால்தான் சாக்கடை வெளியே நிற்கும் என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை. வீதிக்கே தொண்டை கிழியச் சொன்னவள், காது கேட்காத புருஷனுக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை.

ஹோஸில் வடிந்துகொண்டிருந்ததை டியூப்பில் பிடித்தாள். சொட்டு மருந்தை விட்டாள். குலுக்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் அப்படியே இருந்தது. இன்னும் ரெண்டு சொட்டு விட்டாள். மஞ்சள் வரவில்லை. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனபோது மெல்லிசாக ஒரு வாடை அடித்தது, மழை நின்ற பிறகு சாக்கடையோரமாக அடிக்குமே, அந்த வாடை.

சத்தம் கேட்டு சௌந்தர்யா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ரெண்டு நாளாக இருட்டறையில் கிடந்தவள் மேல் வாசல் வெயில் விழுந்தது. என்னம்மா என்று கேட்டாள். வசந்தாமணி மகளின் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது.

டியூப் கையில் இருந்து நழுவிக் கல்லில் விழுந்து உடைந்தது. சாமி, உட்காரு சாமி, அப்படியே உட்காரு என்று மகளைத் தாங்கினாள். சின்னண்ணன் மகளின் கண்ணையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மூஞ்சி வெளிறிப்போனது. அவனை அடிக்க வேண்டும் போல அவளுக்கு வெறி வந்தது. அடிக்கவில்லை. நூற்றியெட்டுக்குப் போன் போட்டாள். இருபது நிமிஷம் என்றார்கள்.

அந்த இருபது நிமிஷத்தில் அவள் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. மோட்டாரைக் கழற்றிக் கிணற்றில் போட்டால் முடிந்தது, வேலையும் மிஞ்சும், மானமும் மிஞ்சும். ஆனால் வீதி அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. பழனியம்மாளின் மருமகளுக்கு நாலாம் மாசம். மகளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, மோட்டாரை ஒயரோடு பிய்த்து எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்தாள். நடுரோட்டில் போட்டாள். இன்று பிடித்த தண்ணீரை எல்லோரும் கொட்டுங்கள், ஒரு சொட்டு வாயில் வைக்காதீர்கள், காய்ச்சல் வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சாக்கடை பைப்புக்குள் வந்துவிட்டது, எங்கள் வீட்டு மோட்டார் இழுத்து வந்தது என்று கத்தினாள். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதாள். வீதியே வாசலுக்கு வந்துவிட்டது.

அவள் வசவை எதிர்பார்த்து நின்றாள். கல்லைக் கொண்டு எறிந்தாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் இருந்தாள். பழனியம்மாள் முன்னால் வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

“நீங்க தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சோமுங்க அக்கா. அண்ணன் மோட்டார் போடற சத்தம் வீதிக்கே கேக்கும். ஆபரேட்டர் ஊட்டுலயே ஓடுது, அப்பறம் நமக்கு என்ன பயம்னு நாங்களும் வெச்சோம். அண்ணன் மாதிரியே, வால்வு மூடின பொறவுதான்.”

பழனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி தலையைக் குனிந்தாள். இன்னொருத்தி வீட்டுக்குள் ஓடினாள். சற்று முன் வீதிக்குள் நுழைந்தபோது எல்லாப் பக்கமும் கேட்ட உறுமல் என்னவென்று வசந்தாமணிக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு மோட்டார் இல்லை, வீதியே சேர்ந்து உறிஞ்சியிருக்கிறது. அவளைத் திட்டுவதை நிறுத்தியதும் அதனால்தான். ஒவ்வொரு தடவையும் அவள் வால்வை மூடிவிட்டு ஆபீசில் போய் எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டிருந்தபோது, இங்கே சாக்கடையை வீட்டுக்கு வீடு பங்கு போட்டிருக்கிறார்கள். அவளை நம்பித்தான் செய்தார்கள். சட்டத்தை நம்பவில்லை, ஜெகதீஸ்வரனை நம்பவில்லை, அவள் வீட்டில் நடப்பதை நம்பினார்கள்.

நூற்றியெட்டு வந்தது. நாமக்கல்லில் பார்த்துவிட்டு உடனே சேலத்துக்கு அனுப்பினார்கள். வண்டியில் சின்னண்ணன் மகளின் காலைப் பிடித்தபடியே வந்தான். வழியெல்லாம் ரோட்டோரக் குட்டைகள் நிறைந்து கிடந்தன. சேலத்தில் பெரிய டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள் என்று கேட்டார். வசந்தாமணி விரல் விட்டு எண்ணி, ஒரு மாசத்துக்கு மேல் இருக்கும் என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஈரல் ரொம்பக் கெட்டிருக்கு, குழந்தைக்குத் துடிப்பு குறையுது, ரெண்டு பேரில் யாருக்கும் இப்போதைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார். சின்னண்ணனுக்கு அது கேட்கவில்லை. டாக்டரம்மா என்ன சொன்னாங்க என்று அவள் தோளைத் தொட்டுத் தொட்டுக் கேட்டான். அவள் சொல்லவில்லை.

சாயங்காலம் சௌந்தர்யாவுக்கு லேசாக நினைவு தெளிந்தது. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. வார்டு நர்ஸ் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம் என்றாள். சின்னண்ணன் கீழே கடையில் போய் சீல் போட்ட பாட்டில் ஒன்று வாங்கிவந்தான். வசந்தாமணி மூடியைத் திருகித் திறந்தாள். மகளின் தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, தண்ணி.”

வசந்தாமணியின் கை நீளவில்லை. ஊருக்கே பதினோரு வருஷமாகத் தண்ணீர் விட்ட கை அது. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. டியூப்பில் பிடித்ததும் தெளிவாகத்தான் இருந்தது. தான் ஒரு வாய் குடித்தாள். ஏதாவது ஆகிறதா என்று காத்திருந்தாள். குடும்மா என்று மகள் மறுபடியும் கேட்டாள். கொஞ்சம் பொறு சாமி, இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, அவள் இன்னொரு வாய் தானே குடித்தாள்.